கீழக்கரை: புதைத்த டீசல் டேங்க்கை எடுக்க 55,000 கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி
கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, முழுக்க மணல் தரை. ஜெனரேட்டருக்காக வாசலில் புதைத்த 990 லிட்டர் இரும்பு டேங்க், 5 மில்லிமீட்டர் தகடு. அடியில் நாலு விரற்கடை டீசல் கிடக்கிறது. ஜேசிபி, கேஸ் கட்டிங் (கேஸ் நெருப்பால் இரும்பை வெட்டுவது), கூலி எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய். இரும்பும் தனக்கே என்கிறார் எடுக்க வரும் காண்ட்ராக்டர். கிணறு இருபதடி தள்ளி இருக்கிறது.

பதில் 1
அண்ணே, முதலில் இரும்பைக் கணக்குப் போடுங்க. 5 மில்லி தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோ. 90 செ.மீ. விட்டம், 1.6 மீட்டர் நீளம் என்றால் மொத்தம் 225 கிலோ வரும். உப்பு தின்றது போக மீதியை இன்றைய இரும்புக்கடை விலைக்குப் பெருக்கி, அவர் சொன்ன தொகையில் கழிக்கச் சொல்லுங்க.

கேஸ் கட்டிங் செலவே வேண்டாம். இந்த எடையை மூன்று கால் தாங்கியும் செயின் பிளாக்கும் (கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பி) முழுசாகத் தூக்கிவிடும். காலி டேங்க்தானே என்று நெருப்பு வைத்தால் சுவரில் ஒட்டிய கசடு சூடேறி ஆவியாகும். மூடிய டேங்க் வெடித்துவிடும்.

பதில் 2
எடுக்கும் காலமும் முக்கியம். ஐப்பசி மழையில் ஊற்று மேலே வரும். காலி டேங்க்கைத் தண்ணீர் 1,000 கிலோ விசையில் மேலே தள்ளும். 225 கிலோ எடை அதற்கு ஈடாகாது, பைப்பை முறித்துக்கொண்டு மிதந்துவிடும். சித்திரை, வைகாசியில் தோண்டுங்க. பக்க மணல் சரியும், அதனால் குழியைச் சரிவாக வெட்டணும். செங்குத்தாக வெட்டிய குழிக்குள் ஆளை இறக்காதீங்க.

கிணறு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அடிமணலை அவசியம் பாருங்க. ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால், கசிவு இருந்தால் மேலே வானவில் நிறத்தில் படலம் நிற்கும். அந்த மணலைத் திரும்பக் குழியில் தள்ளக் கூடாது. குழித் தண்ணீரை வாய்க்காலுக்கோ கடலுக்கோ இறைக்காதீங்க. டீசல் மேலே மிதக்கும், அதை வழித்து பேரலில் பிடிங்க. கசடை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவரிடம் கொடுத்து ரசீது வாங்கணும். பேசிய தொகையில் இது சேர்ந்ததா என்று கேளுங்க. பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்
டேங்க் சுவரை ஒட்டியே இருக்கிறது. தோண்டினால் அஸ்திவாரம் தாங்குமா?

பதில் 1
அப்படியானால் எடுக்காதீங்க. டீசலையும் கசடையும் கைப்பம்பில் உறிஞ்சி, மேன்ஹோல் வழியாகத் துடைத்து, கசிவில்லை என்று உறுதியானபின் அங்கேயே நிரப்பிடலாம். 35 கன அடி மணல் போதும், அரை யூனிட்டுக்கும் குறைவு (ஒரு யூனிட் 100 கன அடி). காய்ந்த மணல் ஓரத்துக்குப் போகாது, தண்ணீர் விட்டு இறக்குங்க. காற்று வெளியேறும் வென்ட் பைப்பைக் கடைசியில் மூடுங்க.