இரவுப் பறப்புத் திட்டம் திரும்பி வந்துவிட்டது. எங்கே பிழை? அவசரம்

ஹட்டன்_சிறகு:
வணக்கம். தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்கிறேன். இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு இரவில் பறப்பதாக வைத்துக்கொண்டு திட்டம் எழுதச் சொன்னார் பயிற்றுவிப்பாளர். எழுதி அனுப்பினேன். "இதோடு ஓடுபாதைப் பக்கமே வராதே" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார். காற்று, நேரம், எரிபொருள் எல்லாம் கணக்குப்படி சரியாகத்தான் இருக்கின்றன. நாளைக் காலைக்குள் திருத்த வேண்டும். பிழை எது?

நானுஓயா_காற்று:
என்ன விமானம் தம்பி? எவ்வளவு உயரம்? எத்தனை மணிக்குப் புறப்பாடு? நேர்கோட்டிலா, சுற்றியா? நிலவு உண்டா? ஒன்றையும் சொல்லாமல் பிழை எது என்றால் என்ன சொல்வது?

பதுளை_பாலன்:
கண்ணைப் பற்றி எழுதினீர்களா? என் அனுபவத்தில் பயிற்றுவிப்பாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரமாவது வேண்டும். ஒரு தடவை கைப்பேசி வெளிச்சத்தைப் பார்த்தால் போதும், மறுபடி ஆரம்பத்திலிருந்து. சிவப்பு விளக்கு நல்லது. ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையால் அச்சிட்டது அதில் மறைந்துவிடும். நிச்சயம் இதுதான் காரணம்.

திசைகாட்டி:
கேள்வி கேட்கவே தெரியாதவர்கள் விமானம் ஓட்ட வருகிறார்கள். செயலி போட்டுக் கொடுத்த கணக்கை அப்படியே அனுப்பியிருப்பீர்கள். முதலில் விவரம் எழுதுங்கள்.

ஹட்டன்_சிறகு:
மன்னிக்கவும். செஸ்னா 172. நேர்கோடு, ஏறத்தாழ 120 கடல்மைல். 5,500 அடி. கிழக்கே போவதால் ஒற்றைப்படை ஆயிரத்துடன் 500, விதிப்படி சரிதானே? இரவு 8 மணி. இறங்கிய பிறகு 30 நிமிட எரிபொருள் மிச்சம். நிலவு பார்க்கவில்லை.

திசைகாட்டி:
30 நிமிடம் பகலுக்கு. இரவுக்கு 45. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி இது, முதல் மாதப் பாடம். செயலியில் 'பகல்' என்றிருந்ததை மாற்றவேயில்லை, பந்தயம் கட்டுகிறேன். இதற்கு ஓர் இழை தேவையா?

நானுஓயா_காற்று:
எரிபொருள் சரி, ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த 5,500 அடி. அந்த நேர்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கண்டிக்குச் சற்றுத் தெற்கே போகிறது. அதைத் தாண்டியதும் இடப்பக்கம் நக்கிள்ஸ் தொடர், உச்சிகள் 6,000 அடிக்கு மேல். கோட்டிலிருந்து பத்துக் கடல்மைல்கூட இல்லை. வலப்பக்கம் தள்ளி பிதுருதலாகலை, 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி. இரண்டுமே உங்களை விட உயரம்! அறுபது கடல்மைல் பறக்கையில் திசை ஒரு பாகை பிசகினால் ஒரு கடல்மைல் விலகுவீர்கள். பகலில் மலை தெரியும், திருப்பிக்கொள்ளலாம். இரவில் மலை என்பது வெளிச்சம் இல்லாத இடம், அவ்வளவுதான். கருவிப் பறப்புக்கு, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறப்பதற்கு, மலைப் பகுதியில் 8 கிலோமீற்றருக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி என்பது விதி. இரவில் கண்ணை நம்பிப் பறப்பவர் அதற்குக் குறைவாக வைத்துக்கொள்ள ஒரு நியாயமும் இல்லை.

பதுளை_பாலன்:
அப்படியானால் 9,500. அங்கேயும் கண்தான் பிரச்சினை. 5,000 அடிக்கு மேலேயே ஒட்சிசன் குறைவால் இரவுப் பார்வை மங்கத் தொடங்கும்.

அப்புத்தளை_மேகம்:
நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சரிவு முழுக்க தொழிலாளர் லயன் வீடுகளின் விளக்குகள், நடுவில் தொழிற்சாலை வெளிச்சம். நிலவில்லாத இரவில் மேலிருந்து பார்ப்பவருக்கு அவை நட்சத்திரங்களோடு கலந்துவிடும். சிவனொளிபாதமலைப் பருவத்தில் படிக்கட்டு விளக்குகள் சாய்ந்த கோடாக வானத்தில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கோட்டை அடிவானம் என்று நம்பி இறக்கையைச் சரிசெய்தால் விமானம் சாய்ந்துகொண்டே போகும். இப்போது வடகீழ்ப் பருவமழை வேறு. முகில் இரவில் தெரியாது. கீழே விளக்குகள் காரணமின்றி ஒவ்வொன்றாக மறைந்தால் இடையில் முகில் வந்துவிட்டது என்று பொருள், உடனே திரும்புங்கள்.

மஸ்கெலியா_மைந்தன்:
1974 டிசம்பர் 4 இரவை யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஏழு கன்னியர் மலையில் டிசி-8 பயணிகள் விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். பயணிகள் மக்காவுக்குப் புறப்பட்ட இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்கள்.

திசைகாட்டி:
அது நான்கு எஞ்சின் ஜெட், தேர்ந்த விமானிகள், கருவிப் பறப்பு. செஸ்னாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உணர்ச்சிவசப்பட்டு இழையைத் திசைதிருப்பாதீர்கள்.

மஸ்கெலியா_மைந்தன்:
சம்பந்தம் உண்டு. விமான நிலையத்திலிருந்து தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து மலைக்கு மேலேயே இறங்கத் தொடங்கினார்கள். விசாரணையின் முடிவு அதுதான். தேர்ந்தவர்களுக்கே அப்படி என்றால் மாணவனுக்கு உயரம் இன்னும் கூடுதலாக வேண்டாமா?

திசைகாட்டி:
அவர்கள் இடத்தைக் கணிக்க டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் அளவுக்கு மீறி நம்பினார்கள். நான் சொல்வதும் அதையேதான், கருவியை நம்பாதீர்கள் என்று.

அப்புத்தளை_மேகம்:
இருவரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். பிள்ளை நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும்.

நானுஓயா_காற்று:
மலையைக் கடக்கவே வேண்டாம் தம்பி. குருநாகல், தம்புள்ளை, பொலன்னறுவை வழியாகப் போடுங்கள். ஏறத்தாழ 20 கடல்மைல் கூடும், செஸ்னாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நிலம் தாழ்வு, கீழே ஊர் வெளிச்சம் தொடர்ந்து வரும், எஞ்சின் நின்றால் வயல் உண்டு. கட்டுநாயக்க கட்டுப்பாட்டு வான்பரப்பை மட்டும் மறக்காதீர்கள். அந்தக் கூடுதல் நிமிடங்களுக்கும் எரிபொருள் போட்டு, அதற்கு மேல் 45 வையுங்கள். எங்கிருந்து திரும்பி வரலாம் என்று ஒரு புள்ளியும் குறியுங்கள்.

ஹட்டன்_சிறகு:
உயரமும் எரிபொருளும்தான் காரணமாம். குருநாகல் வழியாக மாற்றி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். எல்லாருக்கும் நன்றி.

பதுளை_பாலன்:
கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா?

நானுஓயா_காற்று:
நல்லது தம்பி. மட்டக்களப்பில் அந்த நேரத்தில் ஓடுபாதை விளக்கு எரியுமா, விமானிகளுக்கான அறிவித்தல்களைப் பார்த்தீர்களா? எரியாவிட்டால் அடுத்து எங்கே இறங்குவதாக எழுதினீர்கள்?