மைனஸ் 48 சைட்டில் பிளஸ்தான் எர்த்: நேரில் பார்த்த கோளாறுகள்

எர்த்பார்:
மொபைல் டவர் சைட்டின் வழக்கமான ஷெல்டர் (கருவி அறை). இங்கே பிளஸ் எர்த்தில் இருக்கும், மைனஸ்தான் லைன், அதனால்தான் ‘மைனஸ் 48’ என்ற பெயர். எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை), 24 செல் விஆர்எல்ஏ (மூடிய லெட்-ஆசிட் பேட்டரி), ஃப்ளோட் (பேட்டரி நிறைந்த நிலையில் வைத்திருக்கும் வோல்டேஜ்) 54 வோல்ட். கேமராக்களுக்காகப் புதிதாக ஒரு சுவிட்ச் வந்தது. லேபிளில் ‘48 வோல்ட் டிசி’ என்று மட்டும் போட்டிருந்தது. மாட்டியவர் மீட்டர் வைத்துப் பார்த்து, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று சரியாகத்தான் கொடுத்தார். பிளாஸ்டிக் கிளிப்பில் உட்கார்ந்து, பாடி ராக்கை (கருவிகள் மாட்டும் இரும்புச் சட்டம்) தொடாமல் இருந்ததால் சுவிட்சும் ஓடியது. ரேடியோவிலிருந்து வந்த ஷீல்டு (உலோக உறை உள்ள) லேன் கேபிளைச் செருகியதும் பிளக்கின் உலோக உறையில் நீலப் பொறி. உள்ளே ஷீல்டோடு ஒட்டி ஓடும் மெல்லிய டிரெயின் வயர் பழுத்து, பிவிசி உறை நீளவாக்கில் பிளந்துகொண்டது. 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மீறினால் தானே விழும் பிரேக்கர்) விழுவதற்குள் இரு பக்க போர்ட்டும் போய்விட்டது.

அந்த சுவிட்சுக்குள் மைனஸும் பாடியும் ஒன்று. ராக்கிலோ பிளஸ் எர்த். ஷீல்டு வழியாக நேர் ஷார்ட். இரண்டு வயருக்கு நடுவே 54 காட்டுவது இதைச் சொல்லாது. மாட்டுவதற்கு முன்பே, பவர் கொடுக்காமல், கருவியின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். மைனஸில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது மைனஸ் 48-க்கு ஆகாது.

டின்ரெயில்:
இதற்கு ஏன் இவ்வளவு? பாடி ராக்கில் படாமல் நைலான் வாஷர் போட்டு, ஷீல்டு இல்லாத கேபிள் போட்டால் போதும். ஒரு சைட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

ஷன்ட்75:
டின்ரெயில், அது ஓடவில்லை, காத்திருக்கிறது. அந்தப் பாடி இப்போது ராக்கிலிருந்து 54 வோல்ட் தள்ளி நிற்கிறது. அடுத்து வருபவர் பாடியில் எர்த் லக் இல்லையே என்று பச்சை வயரை முறுக்கினால் முடிந்தது. ஐசொலேட்டட் (உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நேர் மின்தொடர்பு இல்லாத) டிசி-டிசி கன்வெர்ட்டர் போடுங்கள். 36 முதல் 75 வோல்ட் வரை உள்ளே வாங்கி, கருவி கேட்கும் வோல்டேஜை வெளியே தரும். அவுட்புட் மைனஸை எர்த் செய்துகொள்ளலாம். ‘ஐசொலேட்டட்’ என்று டேட்டாஷீட்டில் இல்லாத மலிவு பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்க மட்டும் செய்வது) இதே கதையைத்தான் திரும்பக் கொடுக்கும்.

பிளஸ் எர்த் என்பது ஈய உறைக் கேபிள் காலத்தில் மண்ணில் அரிப்பைக் குறைக்க வந்த வழக்கம். அந்தக் கேபிள் போனாலும் கருவிகள் அதற்கென்றே வருகின்றன.

ஃப்யூஸ்பெட்டி:
நான் சொல்ல வந்தது எம்சிபி பற்றி. லோடோடு ஆஃப் செய்தபோது உள்ளே ஆர்க் (கான்டாக்ட் பிரியும்போது எழும் மின்பொறி) அணையாமல் ஒரு டிசி எம்சிபியின் பாடியே உருகியது. சில டிசி எம்சிபிகளுக்கு பிளஸ், மைனஸ் குறி உண்டு. காந்தம் ஆர்க்கை ஒரு பக்கம்தான் தள்ளும். இங்கே எம்சிபி மைனஸ் லைனில் நிற்பதால் கரண்ட் லோடிலிருந்து சப்ளைக்குப் போகிறது. சப்ளையை பிளஸ் குறியில் கொடுத்தால் தலைகீழ். எம்சிபி மேலுள்ள படத்தைப் பார்த்தே மாட்டுங்கள். பேட்டரி லைனில் கரண்ட் இரண்டு திசையிலும் ஓடும், அங்கே இந்த வகையே வேண்டாம், ஃப்யூஸ் போடுங்கள்.

பத்துஸ்கொயர்:
போலாரிட்டி சரி, கேபிள் சைஸ் யாரும் பேசவில்லையே. மெயின்ஸ் சப்ளை இருக்கும்போது நன்றாக ஓடி, பேட்டரியில் மட்டும் ரீசெட் ஆகிக்கொண்டிருந்த ஒரு ஆர்ஆர்யு (டவர் மேலே மாட்டும் ரேடியோ). 600 வாட், டவரில் 40 மீட்டர், 6 ஸ்கொயர் எம்எம் காப்பர். போக வர 80 மீட்டர், ஏறக்குறைய 0.23 ஓம். ஃப்ளோட்டில் 11, 12 ஆம்பியர்தான், 3 வோல்ட்டுக்குள் இழப்பு. பேட்டரி செல்லுக்கு 1.8 என்று 43.2-க்கு இறங்கும்போது அதே 600 வாட்டுக்கு 15 ஆம்பியர் கேட்கும். 3.5 வோல்ட் கேபிளிலேயே போனால் மேலே 39.7. கருவி தாங்க வேண்டிய கீழ் எல்லை 40.5. வோல்டேஜ் குறையக் குறைய கரண்ட் ஏறும், அதனால் இழப்பும் ஏறும். ஃப்ளோட் வோல்டேஜில் கணக்குப் போடுபவர்கள் இதைத்தான் விடுகிறார்கள். 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு 2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். எல்விடியை (வோல்டேஜ் இறங்கினால் லோடைத் துண்டிக்கும் அமைப்பு) உயர்த்தி வைத்தும் தப்பிக்கலாம், பேக்கப் நேரம்தான் போகும்.

எர்த்பார்:
10 ஸ்கொயர் சரி, இரண்டு வயரும் அதே சைஸ் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். “பிளஸ் எர்த்தானே” என்று அதை மட்டும் மெல்லியதாக இழுத்த சைட்டுகள் உண்டு. அங்கே ரிட்டர்ன் கரண்டின் ஒரு பங்கு டவர் இரும்பிலும் ஃபீடர் கேபிள் உறையிலும் ஓடும். டாங் டெஸ்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் மீட்டர்) பிளஸ்ஸையும் மைனஸையும் தனித்தனியே பாருங்கள், வித்தியாசம் வந்தால் அதுதான்.