உதவி தேவை: டெல்டா அச்சுப்பொறியின் நாசில் நடுவில் சரியாக இருக்கிறது, ஓரங்களில் மேலே நிற்கிறது

வளவுக்காரன்:
நண்பனும் நானும் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு டெல்டா முப்பரிமாண அச்சுப்பொறியை (மூன்று தூண்களில் ஏறி இறங்கும் வண்டிகள், ராடு எனும் கம்பிகளால் தலையைத் தாங்கி நகர்த்தும் வகை) சொந்தமாகக் கட்டியிருக்கிறோம். நடுவில் நாசிலுக்கும் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனை) அச்சிடும் தளமான கண்ணாடிக்கும் இடையே காகிதம் சரியாக உரசுகிறது. ஓரத்திலோ தடையின்றி நுழைந்துவிடுவதால் முதல் அடுக்கு ஒட்டாமல் சுருண்டு எழுகிறது. போன வாரம் வரை நன்றாகத்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்குக் கொட்டான் (ஓலைக்கூடை) வடிவில் இருபது சிறு கிண்ணங்கள் தர வேண்டியிருப்பதால், தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

செம்மண்:
ராடின் நீளம் என்ன, ஃபர்ம்வேரில் (அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருள்) கொடுத்துள்ள டெல்டா ஆரம் என்ன, உயரத்தைத் தானே அளக்கும் புரோப் உண்டா என்பவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது. மூன்று தூண்களின் அடியிலும் இடைவெளி ஒரே அளவா, வேறுபடுகிறதா என்பதையும் அளந்து எழுதுங்கள். வேறுபட்டால் மேலேயுள்ள லிமிட் சுவிட்சுகளைச் சந்தேகிக்கலாம். ஒரே அளவாக இருந்தால் காரணம் வேறு.

பட்டறைத்தம்பி:
அண்ணே, பழைய வீடுகளில் முற்றத்துத் தண்ணீர் வடிவதற்காகத் தரையையே சற்றுச் சரிவாகப் போட்டிருப்பார்கள். முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
தரை சரிந்திருந்தால் தூண்களும் கண்ணாடியும் சேர்ந்தே சரியும், தம்பி; அவற்றுக்கிடையே உள்ள உறவு மாறாது. கேள்வி கேட்டவருக்கும் ஒரு சொல். டெல்டாவின் தலை கண்ணாடிக்கு இணையாகச் செல்வது, மூன்று வண்டிகளின் உயரத்தையும் ஃபர்ம்வேர் ஒவ்வொரு கணமும் வர்க்கமூலம் எடுத்துக் கணக்கிடுவதால்தான். அந்தக் கணக்கில் ஓர் அளவு பொய்யானால் தட்டைப் பாதை கிண்ணமாகவோ கவிழ்த்த சட்டியாகவோ வளையும். இது இங்கே பல முறை எழுதப்பட்டுவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம்தான் அருகிவிட்டது.

வளவுக்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ராடு 250 மி.மீ., ஆரம் 125, ஃபர்ம்வேர் மார்லின், புரோப் கிடையாது. தூண்களின் அடியில் மூன்று இடத்திலும் ஏறக்குறைய 0.6 மி.மீ. இடைவெளி இருக்கிறது. சட்டம் பழைய கதவிலிருந்து எடுத்த பர்மாத் தேக்கு. கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் (கண்ணாடி மேல் வார்க்கும் தரைக்கல்) செய்யும் கொட்டகையில் வாங்கி வட்டமாக வெட்டியது.

அலுமினியப்பிரியன்:
காரணம் அந்தத் தேக்குதான். கோசெல் என்ற டெல்டா வடிவமைப்பில் அலுமினியத் தூண்கள் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மரம் ஈரத்தைக் குடிக்கும், விரியும்.

தச்சர்வீடு:
நூறு வருடம் நிலையாக நின்ற கதவு உங்கள் அச்சுப்பொறிக்காகவா விரியப் போகிறது? மரம் ரேகைக்குக் குறுக்கேதான் விரியும். நீளவாக்கில் மிகக் குறைவு. ஆனால் ஒரு மீட்டர் அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.023 மி.மீ. நீளும். 700 மி.மீ. தூண், காலைக்கும் பகலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், கால் மி.மீ. அளவுக்கு நீண்டுவிடும்.

அலுமினியப்பிரியன்:
தூணுக்கு அது சரி. கீழ்ச்சட்டத்தைப் பலகையில் அறுத்திருந்தால் ரேகை ஒரு பக்கம் குறுக்கேதானே ஓடும்?

செம்மண்:
மூன்று தூண்களும் ஒரே அளவு நீண்டால் நாசிலின் உயரம் மாறுமே தவிரப் பாதை வளையாது. ஆகவே உங்கள் வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், அரை மி.மீ.க்கு மேல் குழிந்த கண்ணாடி இருந்தால் அதில் வார்த்த கல் தட்டையாக வந்திருக்காது. அடுத்து, 20 மி.மீ. கனசதுரம் ஒன்றை நடுவில் அச்சிட்டு வெர்னியரால் அளந்து சொல்லுங்கள். போன வாரம் எதையாவது கழற்றி மாட்டினீர்களா?

வளவுக்காரன்:
கண்ணாடி தட்டையாகவே இருக்கிறது. கனசதுரம் 20.6 மி.மீ. வருகிறது. கழற்றியது என்றால், பெரிய ஃபேன் பொருத்துவதற்காக நண்பன் எஃபெக்டர் தட்டை (ராடுகள் சேர்ந்து நாசிலைத் தாங்கும் தட்டு) மட்டும் புதிதாகச் செய்து மாட்டினான். பிறகு நடுவில் உயரத்தைச் சரிசெய்துவிட்டோம். அது முக்கியம் என்று தோன்றவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
தோன்றவில்லையாம்!

செம்மண்:
அதுவேதான். டெல்டா ஆரம் என்பது தூணுக்கும் மையத்துக்கும் உள்ள தொலைவு அன்று. தலை மையத்தில் நிற்கும்போது, வண்டியிலுள்ள மூட்டுக்கும் எஃபெக்டரிலுள்ள மூட்டுக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தொலைவு. புதிய தட்டில் மூட்டுகள் மையத்திலிருந்து 3 மி.மீ. வெளியே தள்ளியிருந்தால், உண்மையான ஆரம் 122 ஆகியிருக்கும். ஃபர்ம்வேர் இன்னும் 125 என்றே எண்ணிக்கொண்டிருக்கும். உங்கள் ராடு நீளத்துக்கு அந்த 3 மி.மீ. பிழை, மையத்திலிருந்து 70 மி.மீ. தள்ளி நாசிலை ஏறக்குறைய 0.6 மி.மீ. தூக்கிவிடும், பொருளையும் நூற்றுக்கு மூன்று பங்கு பெருக்கிக் காட்டும். நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் அதனோடு பொருந்துகின்றன. ராடின் நீளத்தைத் தொடாதீர்கள். பழைய தட்டையும் புதியதையும் அளந்து பார்த்துவிட்டு, எம்665 கட்டளையில் ஆர் மதிப்பை 122 என்று கொடுத்து, எம்500 மூலம் சேமித்து, நடு உயரத்தை மீண்டும் காகிதம் வைத்துப் பாருங்கள்.

வளவுக்காரன் (மூன்று நாள் கழித்து):
தட்டு 3 மி.மீ.தான் பெரியது. 121.8இல் எல்லா இடத்திலும் காகிதம் ஒன்றுபோல் உரசுகிறது. பதினான்கு கிண்ணங்கள் முடிந்துவிட்டன. நன்றி, அண்ணே.

அலுமினியப்பிரியன்:
கீழ்ச்சட்டத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.