தொடை நரம்பு நெருக்கத்திற்கு நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

நடைப்பயணி (கேள்வி):
எனக்கு வயது 46. கடந்த 14 மாதங்களாக வலது தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையளவு இடம் மரத்துப்போயும், சில வேளைகளில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தும் வருகிறது. துணி உரசினாலே தாங்க முடிவதில்லை. முதுகில் வட்டு விலகியிருக்கும் என்று எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் குறை ஏதுமில்லை. நரம்பியல் மருத்துவர் ‘மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா’, அதாவது தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு நெருக்கப்படுவது, என்றார். ஐந்து மாதம் பிரிகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை சாப்பிட்டதில் தூக்கம் வந்ததே தவிர எரிச்சல் குறையவில்லை. இப்போது சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் நுண்துளை அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். என்ன கேட்டுத் தெரிந்துகொண்டு நான் சம்மதிக்க வேண்டும்?

வலிமருத்துவன்:
ஐயா, இந்த நரம்பு இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி, தொடையிடுக்குத் தசைநாரின் அடியில் நுழைந்து தொடைக்கு வருகிறது. பெரும்பாலும் அங்கேதான் நெருக்கப்படுகிறது. இது தோலின் உணர்வை மட்டுமே சுமப்பதால் காலின் வலு குறையாது. முழங்கால் தளர்ந்தால் முதுகைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும். உடல் எடை, சர்க்கரை நோய், இறுக்கமான இடுப்புப் பட்டை ஆகியவை வழக்கமான காரணங்கள். வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டும் பழக்கம் உண்டா? அல்ட்ராசவுண்ட் பார்த்து அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டார்களா? அந்த ஊசியால் சில மணி நேரமாவது எரிச்சல் அடங்கவில்லையென்றால், எரிச்சலுக்கு வேறு காரணம் இருக்கலாம்; அப்போது துளை எவ்வளவு சிறியதாயினும் அறுவை சிகிச்சைக்கு நான் தயங்குவேன்.

தையல்காரர்:
நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் திறந்த முறையில் செய்துகொண்டேன்; வடு நான்கு சென்டிமீட்டர்தான், ஆகவே துளையின் அளவைப் பெரிதாக எண்ணாதீர்கள். நரம்பை நெருக்கத்திலிருந்து விடுவிக்கப் போகிறார்களா, வெட்டி எடுக்கப் போகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். வெட்டினால் அந்த இடம் நிரந்தரமாக மரத்துவிடும். நான் விடுவிப்பதையே தேர்ந்தெடுத்தேன். ஆறு வாரத்தில் எரிச்சல் போயிற்று, சிறிது மரப்பு மட்டும் மிஞ்சியது. இந்த நரம்பின் பாதை ஆளுக்கு ஆள் மாறுவதால், அதைத் தேடவே என் மருத்துவருக்கு நேரம் பிடித்தது. கேமரா வழியாக இதையே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நடைப்பயணி:
இருவருக்கும் நன்றி. கடையில் பணம் வைத்துக்கொள்வதற்காக இருபது ஆண்டுகளாகப் பச்சை பெல்ட்டை இறுக்கித்தான் கட்டுகிறேன். இதை எந்த மருத்துவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மரப்பு ஊசியும் போடப்படவில்லை. பெல்ட்டை இன்று கழற்றிவிட்டேன். ஊசி போட்டுப் பார்த்த பிறகே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்று மருத்துவமனைக்குச் சொல்லியிருக்கிறேன்.