எட்டாவது முடிச்ச பையன் சட்டைப் பையில கொய்யா இலை. என்ன செய்யட்டும்?

மாந்தோப்பு அம்மா:
வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கம் கிராமம். பெரியவனுக்கு வயசு 13. லீவுல மாங்கா மண்டிக்கு வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். பெங்களூரா காய் வரத்து நேரம், லோடு ஏத்த ஆள் கிடைக்காது. சித்தப்பாகூடத்தான போறான், நோட்டுப் புத்தகத்துக்காவது ஆகட்டும்னு விட்டேன்.

நேத்து துணி துவைக்கும்போது சட்டைப் பையில கசங்கின கொய்யா இலை நாலு இருந்துச்சு. எங்க வீட்டுல கொய்யா மரமே கிடையாது. கால்சட்டைப் பையில எட்டா மடிச்ச காலி பாக்கெட், மேல கன்னட எழுத்து. முகர்ந்து பார்த்தேன். அந்த வாடை எனக்குப் புதுசில்லைங்க, 15 வருஷமா ராத்திரி ஒன்பது மணிக்கு எங்க வாசப்படி ஏறி வர்ற வாடைதான்.

வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பெல்ட்டைக் கழட்டுவாரு. மாமியார், "ஆம்பளப் புள்ள, வாய் வச்சுப் பார்த்திருப்பான், விடு"ங்கறாங்க. விட்டா தானா சரியாகிடுமா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா பேர் கெட்டுடுமா? ராத்திரி பூரா தூக்கமில்லை.

தருமபுரி நர்ஸ்:
அக்கா, விட்டுடாதீங்க. அந்த மாதிரி 90 மில்லி சாராயப் பாக்கெட்டுல இருக்கிறது பீர் மாதிரி இல்லை, 42.8 சதவீதம் ஆல்கஹால். நம்ம பசங்க முப்பத்தஞ்சு நாப்பது கிலோ இருப்பாங்க. வெறும் வயித்துல குடிச்சா ரத்தத்துல சர்க்கரை சட்டுனு இறங்கிடும், வலிப்புகூட வரும். என்னைக்காவது எழுப்பி எழுந்திருக்கலைன்னா மோர், எலுமிச்சைன்னு வாயில ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108 கூப்பிடுங்க.

"சின்ன வயசுல கொஞ்சம்தான"ன்னு சொல்றவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல 1990கள்ல பெரிய கணக்கெடுப்பு நடத்தினாங்க. 15 வயசு ஆகுறதுக்கு முன்னாடியே குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேர் வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல குடிக்கு அடிமையானாங்க. 20க்கு மேல ஆரம்பிச்சவங்கள்ல அது 10 சதவீதம்தான். யோசிச்சு நிறுத்துற மூளைப் பகுதி 25 வயசு வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கு, அதுக்குள்ள ஊத்தினா அந்த வளர்ச்சி கெடுது. அதுக்காக உங்க பையன் தலையெழுத்து முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லைக்கா, இது பிடிக்க வேண்டிய நேரம். கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. அதுக்கு முன்னாடி பேசணும்னா அரசாங்க மனநல உதவி எண் 14416, காசு இல்லை, தமிழ்லயே பேசுவாங்க. பேர் கெடாது.

தொப்பூர் கணவாய்:
தங்கச்சி, நான் 12 வயசுல லாரி கிளீனரா ஏறினவன். கணவாய் இறங்கினதும் டிரைவர் மூடியில ஊத்திக் குடுப்பாரு, குளிர் தெரியாதுன்னு. பாசமாத்தான் குடுத்தாரு. அந்த மூடி டம்ளராச்சு, டம்ளர் பாட்டிலாச்சு. 41 வயசுல கண்ணு மஞ்சளா போய்க் கிடந்தப்பதான் விட்டேன், இப்ப ஒன்பது வருஷம். எங்கப்பா என்னை அடிச்சாரு, நான் வீட்டுக்கு வர்றதைத்தான் விட்டேன், குடிய விடலை. அடிக்காதீங்க. யாரு ஊத்திக் குடுத்தான்னு மட்டும் கேளுங்க. 21 ஆகாதவனுக்குக் கடையில தரக்கூடாது, அவனா போய் வாங்கியிருக்க மாட்டான்.

பாலக்கோடு டீச்சர்:
அண்ணன் சொல்றதுதான் சரி. குடுத்த ஆளுக்குச் சட்டம் இருக்கும்மா. 2015 சிறார் நீதிச் சட்டம், 77வது பிரிவு. 18 ஆகாத பிள்ளைக்கு மது குடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். 14 ஆகாதவனை மண்டியில வேலைக்கு வைக்கிறதும் தப்பு. உங்களைக் குத்தம் சொல்லலை, ஜூன்ல என் வகுப்புலயும் ஏழெட்டுப் பசங்க மாங்காக் கறை படிஞ்ச கையோடதான் வந்து உக்காருவாங்க. மேஸ்திரிகிட்ட இந்தப் பிரிவைச் சொல்லுங்க. கேக்கலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிங்க.

மாந்தோப்பு அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரி மோட்டார் கொட்டாய்கிட்ட உக்கார வச்சு மெதுவா கேட்டேன். லோடு முடிஞ்சதும் கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல கலந்து எல்லாருக்கும் ஊத்துவாங்களாம். வேணாம்னா "இன்னும் பால்குடி மறக்கலையா"ன்னு சிரிப்பாங்களாம். மூணு தடவை. ரெண்டாவது தடவை வாந்தி எடுத்து, சித்தப்பாதான் மூஞ்சி கழுவி விட்டிருக்காரு. வாடை தெரியாம இருக்க கொய்யா இலை மெல்லச் சொன்னதும் அவருதான்.

"முதல் தடவை அங்கதானா"ன்னு கேட்டேன். "இல்லம்மா, ஊர்த் திருவிழாவுல அப்பா விரல்ல தொட்டு நாக்குல வச்சாரே, நீகூட சிரிச்ச"ன்னான். அஞ்சு வயசு அப்போ அவனுக்கு. மூஞ்சியச் சுளிச்சான், நாங்க எல்லாரும் சிரிச்சோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க.

அதை அப்படியே அவர்கிட்ட சொன்னேன். பெல்ட்டுப் பக்கம் கை போகலை. ரொம்ப நேரம் திண்ணையிலயே உக்காந்திருந்தாரு. காலையில தம்பி வீட்டுக்குப் போய் இனிமே பையன் மண்டிக்கு வர மாட்டான்னு சொல்லிட்டு வந்தாரு. வியாழக்கிழமை மூணு பேரும் கிருஷ்ணகிரி போறோம். நர்ஸம்மா, ஓ.பி. சீட்டு போட எத்தனை மணிக்கு வந்தா கூட்டம் கம்மியா இருக்கும்?