துப்பாக்கி உறையில் வெள்ளைப் படலம், தோலும் தொளதொளத்துவிட்டது. என்ன செய்யலாம்?

குமுளி ஏலக்காடு:
வணக்கம். அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் இருக்கிறது. தோட்டத்துக்குக் கூலிப் பணம் எடுத்துப் போகும்போது மட்டும் இடுப்பில் கட்டுவார். தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தோம். தோல் உறை பீரோவிலேயே கிடந்தது. மழைக்காலம் வேறு. இப்போது பார்த்தால் வெள்ளைப் படலம், உள்ளே ஒரு முடை நாற்றம், பித்தளைப் பட்டனைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி ஏதோ. முன்பு துப்பாக்கி கச்சிதமாக உட்காரும், இப்போது ஆடுகிறது. தேங்காய் எண்ணெய் பூசி ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. வருஷா வருஷம் பூசுவதுதான். செய்யலாமா?

கம்பம் பள்ளத்தாக்கு:
தேங்காய் எண்ணெய் காறிப்போய் நாறும் தம்பி. விளக்கெண்ணெய் போடுங்க. எங்க தாத்தா கிணத்துத் தண்ணி இறைக்கிற கமலைத் தோலுக்கும் செருப்புக்கும் அதைத்தான் போடுவார்.

வாணியம்பாடி தோல்:
அண்ணன் சொல்வது செருப்புக்குச் சரி. செருப்பு வளைய வேண்டும், துப்பாக்கி உறை வளையக் கூடாது. அதன் விறைப்புதான் துப்பாக்கியைப் பிடித்து வைக்கிறது. எந்த எண்ணெயாக இருந்தாலும் அளவுக்கு மீறினால் நார் தளர்ந்துவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். இனி ஒரு சொட்டும் வேண்டாம்.

ஏலக்காய் ஸ்டோர் அதைவிட மோசம். ஐம்பது டிகிரி சூட்டில் ஈரத்தோல் சுருங்கி வெடித்துவிடும். வெயிலும் வேண்டாம். நிழல், ஃபேன் காற்று, அவ்வளவுதான்.

முதலில் அந்த வெள்ளை என்னவென்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குமுளிக் குளிரில் தோலின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. அப்படியே இருந்தால் பூஞ்சணம்.

அப்புறம், பெல்ட் நுழையும் துளையில் சாயம் ஏறாத வெட்டு விளிம்பைப் பாருங்கள். பழுப்பு என்றால் பட்டையில் பதனிட்ட தோல், நீலம் கலந்த சாம்பல் என்றால் குரோம் உப்பில் பதனிட்டது. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான்; பிறகு வாட்டில் பட்டை வந்தது. உங்களுக்குப் பக்கத்தில் கொடைக்கானல் மலையில் வாட்டில் மரம் நட்டதே இந்தப் பட்டைக்காகத்தான். எதற்குச் சொல்கிறேன் என்றால், பட்டைத் தோலை நனைத்து மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவரலாம். குரோம் தோல் அதற்கு மசியாது.

குமுளி ஏலக்காடு:
பார்த்துவிட்டேன் அண்ணா. வெளியே இருந்தது உருகிவிட்டது. உள்பக்கம் உருகவில்லை, பொடியாக ஒட்டியிருக்கிறது. விளிம்பு பழுப்பு. இன்னொன்று, துப்பாக்கி திரும்பி வந்த பிறகு உறையோடுதான் லாக்கரில் இருக்கிறது. சிலிண்டர் ஓரத்தில் செம்புள்ளிகள் தெரிகின்றன.

வாணியம்பாடி தோல்:
அப்படியானால் இரண்டும் இருக்கிறது. பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். சாயம் கிளம்பலாம், மறைவான இடத்தில் முதலில் தொட்டுப் பார்ப்பது நல்லது. பட்டனில் இருக்கும் பச்சை, பித்தளையில் உள்ள செம்பும் எண்ணெயின் அமிலமும் சேர்ந்து உண்டானது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

எண்ணெயை இழுக்க, முல்தானி மட்டிப் பொடியை உலர்ந்தபடியே அப்பி ஒரு நாள் விட்டுத் தட்டுங்கள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதன் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக நனைத்து, குண்டு ஒன்றும் இல்லை என்று சிலிண்டரைத் திறந்து பார்த்த துப்பாக்கியை மெல்லிய பாலிதீனில் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி வடிவம் பிடிக்க வேண்டும். வடிவம் நின்றதும் துப்பாக்கியை எடுத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள்.

செம்புள்ளிக்கு உறைதான் காரணம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் இருக்கும். துப்பாக்கியை உறைக்குள் வைத்துப் பூட்டவே கூடாது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள், கூடவே ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல். உறையைக் காற்றாட வெளியே தொங்கவிடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு:
இத்தனையும் செய்தும் விறைப்பு வரலைன்னா?

வாணியம்பாடி தோல்:
வேறு உறைதான் அண்ணே. நன்றாக எண்ணெய் ஊறிய தோல் பாதிதான் திரும்பும். காலித் துப்பாக்கியை வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், கீழே மெத்தை விரித்துக்கொண்டு. நழுவினால் அந்த உறை வேண்டாம். துப்பாக்கியை எடுத்த பிறகு உறையின் வாய் மூடிக்கொண்டாலும் வேண்டாம். தொளதொளத்த தோல் மடிந்து டிரிக்கர் இடுக்கில் நுழைந்தால், உள்ளே தள்ளும்போதே துப்பாக்கி வெடித்துவிடலாம். அப்பாவிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள் தம்பி. அது சரியாகும் வரை இடுப்பில் கட்ட வேண்டாம்.

குமுளி ஏலக்காடு:
சொல்லிவிட்டேன். முல்தானி மட்டி வாங்கக் கடைக்கு அவரே கிளம்பியிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு மேலே ஏதாவது பூசணுமா?

வாணியம்பாடி தோல்:
நன்றாகக் காய்ந்த பிறகு வெளிப்புறம் மட்டும் தேன்மெழுகு பாலிஷ், துணியில் தொட்டு மெல்லிசாக. உள்பக்கம் எதுவும் வேண்டாம்.