ஏலக்காய் ஸ்டோர் சென்சர் திடீரென்று 85 காட்டுகிறது, சில நேரம் மைனஸ் 127. என்ன கோளாறு?

வண்டன்மேட்டுத் தோட்டக்காரன்:
வணக்கம். இடுக்கி மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டமும், காயை உலர்த்த விறகில் ஓடும் ஸ்டோரும் இருக்கின்றன. பச்சைக்காயை உள்ளே பரப்பினால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சூடு 50 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். ஏறினால் காயின் பச்சை வெளுத்து ஏலத்தில் விலை விழும். இறங்கினால் ஈரம் நிற்கும். எழுபதைத் தாண்டிய அப்பா இரவில் மூன்று முறை எழுந்து போய்த் தெர்மாமீட்டரைப் பார்க்கிறார்.

அவர் தூங்கட்டும் என்றுதான், சும்மா கிடந்த பழைய பென்டியம் 4 கணினியில் டெபியன் என்ற இலவச இயங்குதளம் போட்டு, ஸ்டோரின் வெளித்திண்ணையில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தேன். உள்ளே வைத்தால் காயோடு கணினியும் காய்ந்துவிடும். யுஎஸ்பியில் ஆர்டுயினோ நானோ என்ற சின்னச் சர்க்யூட் பலகை. அதிலிருந்து 12 மீட்டர் தொலைபேசிக் கம்பி கூரை ஓரமாகப் போய், எஃகுக் குழாயில் அடைத்த டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சரில் சேர்கிறது. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டிருக்கிறேன்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. மழை வலுத்ததும் தொல்லை தொடங்கியது. 48, 49 என்று வந்துகொண்டிருக்கும்போதே 85 என்று ஒரு வரி, அடுத்த வரியில் மறுபடி 49. எப்போதாவது மைனஸ் 127. நேற்று இரவு 85-ஐப் பார்த்து அலாரம் அலற, அப்பா ஓடிப்போய் எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டார். காலையில் காய் அரை ஈரம். இன்று வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

சென்சரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 96.5 காட்டுகிறது. அப்படியென்றால் சென்சர்தான் போய்விட்டதா? கணினியின் பின்னால் 9 ஊசி சீரியல் போர்ட் இருக்கிறது. ஆர்டுயினோவைக் கழற்றிவிட்டு நேராக அதில் சேர்க்கலாமா?

கம்பம் ரேடியோ மெக்கானிக்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: சேர்க்காதீர்கள். பழைய மேசைக் கணினிகளின் சீரியல் போர்ட்டில் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் அளவுக்கு ஆடும். உங்கள் சென்சர் தாங்குவது 5.5 வோல்ட். தொட்ட நொடியில் கதை முடிந்துவிடும்.

கொதிநீர்ச் சோதனையில் சென்சர் தேறிவிட்டது. நீங்கள் இருப்பது கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே. அங்கே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று வீட்டில் கேளுங்கள் (பேசத் தொடங்கிய பிறகு). சந்தேகம் தீரவில்லையென்றால், நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்கு அரை டிகிரி இப்படி அப்படி இருந்தால் சரி.

உங்கள் கோளாறுக்கு வருகிறேன். 85-உம் மைனஸ் 127-உம் வெப்பநிலையே அல்ல. மின்சாரம் வந்து கண் விழித்ததும், எதையும் அளப்பதற்கு முன்னால் சென்சர் கையில் வைத்திருக்கும் எண் 85. ஓட்டத்தின் நடுவில் அது வந்தால், சென்சருக்கு மின்சாரம் ஒரு கணம் அற்று மீண்டிருக்கிறது. மைனஸ் 127 என்பது சென்சரிடமிருந்து பதிலே வராதபோது ஆர்டுயினோ நிரல் தானாக எழுதும் எண். கம்பிகளைப் பாருங்கள்.

பாலக்காட்டுப் பொறியாளர்:
ஸ்டோரில் காற்றாடி மோட்டார் இருக்கிறதா? அது கிளம்பும்போது மின்னழுத்தம் சரியும். இத்தனை பழைய கணினியைத் திண்ணையில் கட்டி அழுவதைவிட, வைஃபை உள்ள ஒரு சின்னச் சர்க்யூட் பலகை வாங்கிவிடலாமே.

வண்டன்மேட்டுத் தோட்டக்காரன்:
ஸ்டோர் வரைக்கும் வைஃபை எட்டாது, ஐயா. கணினி ஏற்கெனவே கையில் இருக்கிறது, செலவும் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். அப்போதும் இரண்டு முறை 85 வந்தது.

கம்பம் ரேடியோ மெக்கானிக்:
அப்படியென்றால் மோட்டார் இல்லை. மல்டிமீட்டரால் சென்சர் முனையில் சிவப்புக்கும் (மின்சாரம் வரும் கம்பி) கறுப்புக்கும் (அது திரும்பும் கம்பி) நடுவே அளந்து சொல்லுங்கள். அளக்கும்போதே இன்னொருவர் வழியில் உள்ள இணைப்புகளை ஆட்டிப் பார்க்கட்டும்.

வண்டன்மேட்டுத் தோட்டக்காரன்:
ஆர்டுயினோ பக்கம் 5 வோல்ட். சென்சர் பக்கமும் 4.9 இருந்தது. பக்கத்து எஸ்டேட் எலக்ட்ரீஷியன் சேட்டன் கூரை ஓர இணைப்பை ஆட்டியதும் வோல்ட் விழுந்துவிட்டது! இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தோம். உள்ளே தண்ணீர், செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. சிவப்புக் கம்பி ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. சிவப்பு அறுந்தால் மைனஸ் 127 அல்லவா வர வேண்டும்? 85 எப்படி வருகிறது?

கம்பம் ரேடியோ மெக்கானிக்:
இந்தச் சென்சரின் குணமே அதுதான். சிவப்பு விட்டுப்போனாலும், மஞ்சள் தகவல் கம்பியில் கசியும் மின்சாரத்தைக் குடித்து அது உயிர் பிடித்திருக்கும். பேசுவதற்கு அது போதும், அளப்பதற்குப் போதாது. மஞ்சளுக்கு மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் வருகிறது. கணக்குப் போடுங்கள்: 5 வோல்ட், 4.7 கிலோ ஓம், ஆகக் கிடைப்பது 1 மில்லியாம்பியர் சொச்சம். அளக்கும்போது சென்சர் 1.5 வரை கேட்கும். பாதியில் மயங்கி விழுந்து, எழுந்ததும் 85 என்கிறது. மஞ்சளோ கறுப்போ விட்டுப்போனால்தான் மைனஸ் 127. உங்கள் இணைப்பில் மூன்றுமே ஆடியிருக்கும்.

களிம்பு பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். இணைப்பைக் கூரை ஓரத்தில் வைக்காமல் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். கம்பி பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நிரலையும் திருத்துங்கள். சரியாக 85-ஓ மைனஸ் 127-ஓ வந்தால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி அளக்கட்டும். தொடர்ந்து மூன்று அளவு 55-ஐத் தாண்டினால் மட்டும் அலாரம். ஆனால் தள்ளிய எண்களையும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கம்பி அரிப்பது தெரியாமலே போகும். ஐந்து நிமிடம் நல்ல அளவு ஒன்றுகூட வராவிட்டால் அதற்கும் ஒரு மணி அடிக்கட்டும்.

வண்டன்மேட்டுத் தோட்டக்காரன்:
எல்லாம் செய்தேன் அண்ணா. நான்கு நாளாக ஒரு 85 கூட இல்லை. மின்சாரம் போய் வந்தால் மட்டும் பதிவுகளில் தேதி 2004 ஜனவரி 1 என்று வருகிறது.

பாலக்காட்டுப் பொறியாளர்:
மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றுங்கள். மழைக்காலத்தில் கணினியை அணைக்கவும் வேண்டாம். அதன் சூட்டிலேயே பெட்டிக்குள் ஈரம் படியாது.

வண்டன்மேட்டுத் தோட்டக்காரன்:
மாற்றிவிட்டேன், தேதி சரியாக நிற்கிறது. அப்பா இப்போது இரவில் ஒரு முறைதான் எழுந்து போகிறார். கணினி சொல்வது சரிதானா என்று தெர்மாமீட்டரில் பார்க்க.